கரி பிடித்த எண்ணெய் பாய்லர்: துலக்குவதும் காரணம் கண்டுபிடிப்பதும்

அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் பழைய வீடு வாங்குகிறவர்களில் பலருக்கு அடித்தளத்தில் வீட்டைச் சூடாக்கும் ஓர் எண்ணெய் பாய்லரும் சேர்ந்தே வருகிறது. சுவரோரம் 275 காலன் டேங்க், அதிலிருந்து தரையை ஒட்டி ஓடும் செப்புக் குழாய், ஒரு ஃபில்டர், பர்னர், வார்ப்பிரும்புப் பாய்லர், புகைக்குழாய், புகைபோக்கி. நம் ஊரிலிருந்து வந்தவர்களுக்கு இது பழக்கமில்லாத சாமான். முதல் குளிர்காலத்தில் சத்தமில்லாமல் ஓடும். பிறகு ஒரு நாள் பாய்லரின் மேல்மூடியைச் சுற்றிக் கறுப்பாகப் பொடி தெரியும், அல்லது பர்னர் கிளம்பும்போது "டம்" என்று ஓர் அதிர்வு கேட்கும்.

கரியை உறிஞ்சி எடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று விட்டுவிடாதீர்கள். எண்ணெய் சரியாக எரிந்தால் கரி வராது. ஒழுங்காக ஓடும் பாய்லரை ஓராண்டு கழித்துத் திறந்தால் சாம்பல் நிறத்திலோ இளம்பழுப்பிலோ மெல்லிய தூசுதான் இருக்கும், விரலால் தட்டினால் உதிரும். பஞ்சுபோலக் கறுப்பு அடைந்திருந்தால் காற்று, எண்ணெய், புகைபோக்கியின் இழுவை ஆகிய மூன்றில் ஏதோ ஒன்று கெட்டிருக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் துலக்கினால் ஓரிரு மாதத்தில் மறுபடி அதே கரி.

"எண்ணெயின் தரம் மட்டம், அதனால்தான் கரி" என்று சொல்லித் தப்பிக்கவும் இப்போது வழியில்லை. நியூயார்க்கில் 2012 முதலும், நியூ இங்கிலாந்து மாநிலங்களில் 2018 ஜூலை முதலும் வீட்டு எண்ணெயில் கந்தகம் 15 பிபிஎம் (பத்து லட்சத்தில் 15 பங்கு) அளவுக்குக் குறைக்கப்பட்டுவிட்டது. முன்பு உள்ளே பாளம் பாளமாகப் படிந்த மஞ்சள், துருநிறச் செதில்கள் பெரும்பாலும் கந்தகத்தால் வந்தவை. அவை குறைந்துவிட்டன. இன்று கரி வந்தால் கருவியையும் அது நிற்கும் இடத்தையும்தான் சந்தேகிக்க வேண்டும்.

கை வைக்கும் முன்

மாசசூசெட்ஸ் போன்ற மாநிலங்களில் எண்ணெய் பர்னரில் வேலை செய்ய உரிமம் கட்டாயம். சில மாநிலங்களில் சொந்த வீட்டுக்காரருக்கு விலக்கு உண்டு. உங்கள் ஊர் விதியைத் தீயணைப்புத் துறையில் கேட்டுக்கொள்ளுங்கள். விதி எதுவாக இருந்தாலும் ஒன்று நிச்சயம்: கருவி வைத்து அளக்காமல் பர்னரின் காற்றைத் திருகக் கூடாது. சுடரின் நிறத்தைப் பார்த்துக் காற்று வைக்கும் பழக்கம் இன்றைய பர்னர்களுக்கு ஒத்துவராது. நல்ல மஞ்சளாகக் கண்ணுக்குத் தெரியும் சுடர், புகையிலுள்ள வாயுக்களை அளக்கும் அனலைசரில் மோசமாக இருக்கலாம். அளவுக் கருவிகள் இல்லாதவர்கள் கீழே சொல்லும் பார்வையிடல், காற்று வழி, புகைக்குழாய் சோதனைகளைச் செய்துவிட்டு, மிச்சத்தை டெக்னீஷியனிடம் விடுங்கள். அவர் என்னென்ன செய்ய வேண்டும் என்று தெரிந்திருந்தாலே பாதி ஏமாற்றம் தவிரும்.

அடித்தளப் படிக்கட்டின் மேலே இருக்கும் சிவப்புத் தகடு போட்ட ஸ்விட்சை அணைத்து, பிரேக்கரையும் இறக்குங்கள். எண்ணெய் வால்வை மூடுங்கள். பாய்லர் ஆற இரண்டு மூன்று மணி நேரம் விடுங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் வேலை செய்கிறதா என்று பாருங்கள். கரி பிடித்த பாய்லர் அந்த வாயுவையும் விடக்கூடும். வீட்டில் இருப்பவர்களுக்குக் காரணமில்லாத தலைவலி, குமட்டல் இருந்தால் பழுது பார்க்க உட்காராதீர்கள். எல்லோரும் வெளியே போய்த் தீயணைப்புத் துறையை அழையுங்கள்.

பழைய பாய்லரின் மேலோ குழாய்களின் மேலோ வெள்ளைப் பூச்சு, அட்டை போன்ற உறை இருந்தால் அது ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். அதைத் தொடவே வேண்டாம்.

இதைவிட முக்கியமான எச்சரிக்கை ஒன்று உண்டு. பர்னர் நின்றுவிட்டால் சிவப்பு ரீசெட் பட்டனை ஒரு முறை அழுத்தலாம். பற்றவில்லை என்றால் விட்டுவிடுங்கள். ஒவ்வொரு அழுத்தலுக்கும் எரியாத எண்ணெய் அறைக்குள் பீய்ச்சப்பட்டுத் தேங்கும். கடைசியில் ஒரு பொறி பட்டதும் எல்லாம் சேர்ந்து ஒரேயடியாகப் பற்றி, புகைக்குழாயைக் கழற்றி எறிந்து, வீடு முழுக்கக் கரியை இறைக்கும். இதைத்தான் இங்கே பஃப்பேக் என்கிறார்கள். திரைச்சீலை, அலமாரித் துணி வரை கறுத்துப்போகும்.

கரியைப் படியுங்கள்

வேக்குவத்தை எடுப்பதற்கு முன் டார்ச் அடித்து நிதானமாகப் பாருங்கள், படம் எடுத்து வையுங்கள். துலக்கிவிட்டால் தடயம் போய்விடும்.

எல்லா இடத்திலும் ஒரே சீராக, மெத்தென்று கறுப்பு அடைந்திருந்தால் மொத்தத்தில் காற்றுப் பற்றாக்குறை. பர்னரின் விசிறி அழுக்கு, அறைக்குக் காற்று வரவில்லை, புகைவழி அடைப்பு, அல்லது எண்ணெய் அளவுக்கு மேல் போகிறது.

பர்னர் தலையின் ஒரு பக்கம் மட்டும் கெட்டியாக, கொம்பு முளைத்தது போலக் கரி தொங்கினால் எண்ணெயைத் தெளிக்கும் நாசில் ஒருபுறமாகப் பீய்ச்சுகிறது, அல்லது நாசிலைத் தாங்கும் அசெம்ப்ளி நடுவில் இல்லை, அல்லது பொறி தரும் எலக்ட்ரோடு நுனி தெளிப்பின் பாதையில் நீட்டிக்கொண்டிருக்கிறது.

எரியறையின் பின்சுவரில் ஒரே ஒரு வட்டத்தில் கறுப்பு என்றால் சுடர் அங்கே மோதுகிறது. தெளிப்புக் கோணம் குறுகலாகி நீளமாகப் போகிறது, அல்லது நாசில் பெரிது. பக்கச் சுவர்களில் கறுப்பு என்றால் கோணம் அகலம்.

அறையின் அடியில் ஈரமாக, எண்ணெய்ப் பசையோடு கரி இருந்தால் பர்னர் நின்ற பிறகும் நாசில் சொட்டுகிறது, அல்லது பற்றாமல் பலமுறை முயன்றிருக்கிறது. பாய்லருக்கு வெளியே, கதவோரங்களிலும் புகைக்குழாய் இணைப்புகளிலும் கறுப்புத் தடம் தெரிந்தால் உள்ளே இழுவை போதாமல் புகை வெளியே தள்ளப்படுகிறது.

கறுப்போடு துருச் செதில்கள் நிறையக் கலந்திருந்தால் அது வேறு கதை. பாய்லருக்குத் திரும்பி வரும் தண்ணீர் நெடுநேரம் 130 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே இருந்தால் புகையில் உள்ள நீராவி இரும்பின்மேல் வியர்த்துவிடும். எங்காவது நீர்க் கசிவு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

முதல் அளவு

வழி முழுதும் அடைத்துப்போகாமல் பாய்லர் இன்னும் ஓடும் நிலையில் இருந்தால், பிரிப்பதற்கு முன் ஒரு முறை ஓட்டி அளவெடுங்கள். புகைக்குழாயில் பாய்லருக்கும், இழுவையைத் தானாகச் சீராக்கும் ஆடும் தகடான பாரோமெட்ரிக் டேம்பருக்கும் நடுவே கால் அங்குலத் துளை ஒன்று இருக்கும். இல்லாவிட்டால் போட்டுக்கொள்ள வேண்டும். டேம்பரைத் தாண்டி அளந்தால் அறைக் காற்றும் கலந்துவிடும், அந்த எண்ணால் பயனில்லை.

எப்போதும் புகையை வடிதாள் வழியே இழுக்கும் கைப்பம்பான ஸ்மோக் பம்பில்தான் தொடங்க வேண்டும். பத்து நிமிடம் ஓடி வெப்பநிலை நிலைத்த பிறகு, வடிதாளைப் பொருத்தி, மெதுவாகப் பத்து முறை இழுங்கள். தாளில் விழும் புள்ளியை 0 முதல் 9 வரையிலான அளவுகோலோடு ஒப்பிடுங்கள். நமக்கு வேண்டியது சுழி, அதிகபட்சம் லேசான சாயல். புள்ளி மையிட்டது போலக் கறுத்தால் அனலைசர் குழலை உள்ளே விடாதீர்கள். கரி அதன் சென்சாரைக் கெடுத்துவிடும்.

அடுத்தது இழுவை. இதை நீர்க்கம்ப அங்குலத்தில் சொல்வார்கள். சுடருக்கு மேலே, பாய்லர் கதவிலுள்ள துளையில் மைனஸ் 0.02 அங்குலம் அளவு வேண்டும். புகை வெளியேறும் வாயில் மைனஸ் 0.03 முதல் 0.06 வரை இருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் பாய்லரின் உள்வழி கொடுக்கும் தடை. அந்த வித்தியாசம் சுத்தமான பாய்லரில் இருந்ததைவிட வெகுவாகக் கூடியிருந்தால் உள்ளே தகடுகளுக்கு நடுவே கரி அடைத்திருக்கிறது. வாயிலேயே இழுவை இல்லை என்றால் கோளாறு புகைக்குழாயிலோ புகைபோக்கியிலோ. பாய்லரைப் பிரிக்கும் முன்பே எங்கே தேடுவது என்று இந்த இரண்டு எண்கள் சொல்லிவிடும்.

துலக்குதல்

வீட்டு வேக்குவம் கூடாது. அதன் ஃபில்டரைத் தாண்டிக் கரி மறுபக்கம் புகைபோல வெளியேறும். கரிக்கென்று உள்ள வேக்குவமோ நுண்தூசு ஃபில்டர் பொருத்திய ஷாப் வேக்குவமோ வேண்டும். நுண்தூசைத் தடுக்கும் பி100 வகை முகமூடி, கண்ணாடி, கையுறை போட்டுக்கொள்ளுங்கள். தரையில் பழைய விரிப்பு.

புகைக்குழாயைக் கழற்றி முதலில் வெளியே கொண்டுபோய்த் தட்டுங்கள். எந்தத் துண்டு எங்கே என்று சாக்பீஸில் குறித்துக்கொள்ளுங்கள். துருவேறித் துளை விழுந்த துண்டை மீண்டும் மாட்ட வேண்டாம். புகைபோக்கிக்குள் நுழையும் இடத்தில் கையை விட்டுப் பாருங்கள். அடியில் விழுந்து கிடக்கும் கரி, உதிர்ந்த களிமண் ஓடு, பறவைக் கூடு எல்லாம் அங்கேதான் வழியை மறிக்கும். பாய்லருக்குள் மாதக்கணக்கில் தேடிய கோளாறு அந்த வளைவில் கிடப்பது அடிக்கடி நடப்பது. அடியிலுள்ள சுத்தக் கதவையும் திறந்து காலி செய்யுங்கள். சிறு கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்தால் பகலில் மேலே வானம் தெரிய வேண்டும்.

பாய்லரின் மேல்தகட்டையும் அதற்குக் கீழுள்ள புகைச் சேகரிப்பு மூடியையும் எடுத்தால் வார்ப்பிரும்புப் பகுதிகளுக்கு இடையே குறுகலான சந்துகள் தெரியும். இரு பக்கமும் இரும்பு முளைகள். அந்தச் சந்துக்குப் பொருந்தும் கம்பி பிரஷ்ஷை மேலிருந்து அடிவரை விடுங்கள். நேராக மட்டும் தேய்த்தால் முளைகளின் பின்பக்கம் கரி நிற்கும். இடச்சாய்வில் ஒரு முறை, வலச்சாய்வில் ஒரு முறை இழுக்க வேண்டும். முன்கதவு முழுதாகத் திறக்கும், புகை உள்ளே மூன்று முறை போய்த் திரும்பும் மூன்று சுற்று வகைப் பாய்லர்களில் இது எளிது. படுக்கைவாட்டு வழிகளை முன்னாலிருந்தே தேய்க்கலாம்.

தேய்க்கும்போது கரி கீழே எரியறைக்குள் விழும். அறையில் பீங்கான் நார்ப் பூச்சு இருந்தால் அதன்மேல் ஓர் அட்டையை விரித்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் அட்டையை எடுத்தாயிற்றா என்று இருமுறை பாருங்கள். அந்த நார்ப் பூச்சைப் பிரஷ்ஷால் தேய்க்கக் கூடாது, வேக்குவம் முனையால் குத்தவும் கூடாது. சூடுபட்ட நார் நொறுங்கும், அதன் தூசு நுரையீரலுக்குக் கேடு. பூச்சு பிய்ந்து தொங்கினாலோ உட்கார்ந்துவிட்டாலோ லேசாகத் தண்ணீர் தெளித்து எடுத்துப் புதிது போட வேண்டும். எரியறை சிதைந்தால் சுடர் குளிர்ந்த இரும்பில் மோதி அணையும். அதுவே கரிக்குத் தனிக் காரணம்.

துலக்கி முடித்ததற்கு ஒரு சோதனை உண்டு. கீழே எரியறைக்குள் ஒரு விளக்கைப் பிடித்துக்கொண்டு, அடித்தள விளக்கை அணைத்துவிட்டு, மேலிருந்து குனிந்து பாருங்கள். ஒவ்வொரு சந்திலும் வெளிச்சம் கோடாகத் தெரிய வேண்டும். ஓர் ஓரத்தில் இருட்டாக இருந்தால் அங்கே இன்னும் அடைப்பு இருக்கிறது.

மூடும்போது பழைய கயிறு கேஸ்கட், சிமென்ட் பிசுக்கைச் சுரண்டிவிட்டுப் புதிதாக அடையுங்கள். இங்கே ஒழுகும் காற்று இழுவையையும் கெடுக்கும், அனலைசர் அளவையும் பொய்யாக்கும். புகைக்குழாய் ஓர் அடிக்குக் கால் அங்குலம் வீதம் புகைபோக்கியை நோக்கி ஏற வேண்டும், ஒவ்வொரு இணைப்பிலும் மூன்று ஸ்க்ரூ. டேம்பரின் தகடு விரலால் தட்டினால் தடையின்றி ஆடித் தானே சமநிலைக்கு வர வேண்டும்.

பருவம் முடிந்ததும் துலக்குவது உத்தமம். வெயில் காலம் முழுவதும் அடித்தள ஈரம் கரியில் ஊறினால் அதிலுள்ள கந்தகம் அமிலமாகி இரும்பை அரிக்கும்.

பர்னர்

அதிகமாகக் கண்ணில் படுவது பெக்கெட் நிறுவனத்தின் துப்பாக்கி வகை பர்னர். மோட்டார் நிமிடத்துக்கு 3450 சுற்று சுழன்று, ஒரே தண்டில் விசிறியையும் எண்ணெய் பம்பையும் ஓட்டுகிறது.

விசிறியை முதலில் பாருங்கள். வெளியிலிருந்து பார்த்தால் நன்றாகத்தான் இருக்கும். மோட்டாரைக் கழற்றி, விசிறிச் சக்கரத்தின் ஒரு இதழை விரல் நகத்தால் வழித்துப் பாருங்கள். இதழ்கள் உட்குழிந்தவை. அந்தக் குழிவில் பஞ்சும் நாய்முடியும் எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்து நிரம்பிக் குழிவே இல்லாமல் போயிருக்கும். துணி உலர்த்தும் இயந்திரம் பாய்லருக்குப் பக்கத்தில் இருக்கும் வீடுகளில் இது கிட்டத்தட்ட உறுதி. இதழ் நிரம்பினால் சக்கரம் அதே வேகத்தில் சுற்றும், காற்று மட்டும் பாதியாகும். நாசிலையும் பம்பையும் மாற்றி மாற்றிப் பார்ப்பவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள். ஒவ்வோர் இதழாகச் சிறு பிரஷ்ஷால் துலக்கி, விசிறிக் கூட்டையும் காற்று வாயையும் துடையுங்கள். மோட்டாருக்கும் பம்புக்கும் நடுவிலுள்ள கப்ளிங் விரிசலோ வழுக்கலோ இல்லாமல் இருக்க வேண்டும்.

அடுத்து நாசில். ஆண்டுக்கு ஒன்று மாற்ற வேண்டிய பொருள் இது. ஊசியால் குத்தியோ கம்பியால் துடைத்தோ பழையதை மீட்க முயலாதீர்கள், துளை கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிதைந்தாலும் தெளிப்பு கோணும். நாசிலின் மேல் மூன்று விஷயம் பொறித்திருக்கும்: மணிக்கு எத்தனை காலன், எத்தனை டிகிரி, உள்ளீடற்ற கூம்பா நிறைந்த கூம்பா என்று சொல்லும் எழுத்து. 0.85, 80, பி என்றால் மணிக்கு 0.85 காலன், 80 டிகிரி, நிறைந்த கூம்பு. பழைய நாசிலில் இருப்பதையே வாங்காதீர்கள். முன்னால் வந்தவர் தவறாகப் போட்டிருக்கலாம். பாய்லரின் தகட்டிலோ கையேட்டிலோ உள்ளதே சரி.

நாசிலின் எண் 100 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டு) அழுத்தத்துக்கானது. இன்றைய பல பாய்லர்கள் 140 பிஎஸ்ஐயில் ஓடும்படி வடிவமைக்கப்பட்டவை. அழுத்தம் கூடினால் எண்ணெய் அதன் வர்க்கமூல விகிதத்தில் கூடும்: 0.85 நாசில் 140 பிஎஸ்ஐயில் மணிக்கு ஏறக்குறைய 1 காலன் விடும். இது இரு பக்கமும் வெட்டும். 140க்கு மாற்றியதை மறந்து பெரிய நாசிலைப் போட்டால் காற்றுக்கு மேல் எண்ணெய் போய்க் கரி. பம்பை மாற்றிவிட்டு, புதுப் பம்பு 100 பிஎஸ்ஐயில் வருகிறது என்பதைக் கவனிக்காமல் விட்டால் துளிகள் பருத்து முழுதாக எரியாமல் அதுவும் கரி. பம்பு மாற்றிய கையோடு கரி தொடங்கியதென்றால் முதலில் கேஜ் மாட்டி அழுத்தத்தைப் பாருங்கள்.

கழற்றும்போது நாசிலுக்கு 5/8 அங்குல ஸ்பானர், அதைத் தாங்கும் அடாப்டருக்கு 3/4 அங்குலம். அடாப்டரைப் பிடித்துக்கொண்டுதான் நாசிலைத் திருக வேண்டும், இல்லையேல் எண்ணெய்க் குழல் முறுகிவிடும். புது நாசிலின் முகத்தை விரலால் தொடாதீர்கள்.

எலக்ட்ரோடுகளின் பீங்கானில் மயிரிழை விரிசல் இருந்தால் மாற்றுங்கள். கரி படிந்திருந்தால் துணியால் துடைத்தால் போதும். பெக்கெட் வகையில் இரு நுனிகளுக்கும் இடைவெளி 5/32 அங்குலம், அதாவது 4 மில்லிமீட்டர். நாசிலின் மையத்துக்கு மேலே 5/16 அங்குலம், சுமார் 8 மில்லிமீட்டர். முகத்துக்கு எவ்வளவு முன்னால், நாசில் பர்னர் தலைக்கு எவ்வளவு பின்னால் என்பது தலையின் வகைக்கேற்ப மாறும். கையேட்டைப் பாருங்கள், அதற்கென்று விற்கும் அளவுத் தகட்டைப் பயன்படுத்துங்கள். நாசில் மாற்றிவிட்டு எலக்ட்ரோடை அளக்காமல் மூடுவது அடுத்த கரிக்கு அடிக்கல்.

சுடரைக் காணும் கேட் செல்லின் கண்ணாடியை மென்துணியால் துடையுங்கள். சுடர் எரியும்போது அதன் மின்தடை 300 முதல் 1000 ஓம் வரை இருந்தால் நன்று, 1600க்கு மேல் ஏறினால் பர்னர் காரணமில்லாமல் நிற்கத் தொடங்கும். செல் சுத்தமாக இருந்தும் தடை ஏறுகிறதென்றால் அதன் முன் உள்ள சுடர்தான் மோசம்.

எண்ணெய் வழி

டேங்க் பக்கத்திலுள்ள ஃபில்டரையும் பம்பின் உள்வலையையும் நாசிலோடு சேர்த்தே மாற்றுங்கள். ஃபில்டர் கிண்ணத்தின் அடியில் தண்ணீர் உருண்டைகள், ஜெல் போன்ற கசடு தென்பட்டால் டேங்கின் அடியில் தண்ணீர் சேர்ந்திருக்கிறது. நீர் காட்டும் பேஸ்ட்டைக் கம்பில் தடவி இறக்கினால் எத்தனை அங்குலம் என்று தெரியும். புது எண்ணெய் ஊற்றும்போது கசடு கலங்கும். அந்த நேரம் பர்னரை அணைத்து, அடங்கிய பிறகு ஓட்டுவது நல்லது.

திறந்த வழியில் காற்று புகுந்திருக்கும். பம்பின் காற்று வெளியேற்றும் முனையில் கால் அங்குலப் பிளாஸ்டிக் குழாயை மாட்டி ஒரு பாட்டிலுக்குள் விட்டு, பர்னரை ஓடவிட்டு, 3/8 ஸ்பானரால் திறங்கள். நுரை போய், குமிழ் இல்லாத எண்ணெய் தொடர்ந்து வரும்வரை விட்டுப் பிறகு மூடுங்கள். அவசரப்பட்டு மூடினால் நாசில் குழலில் ஒரு காற்றுக் குமிழ் தங்கும். பர்னர் ஓடும்போது அது அழுந்திக் கிடக்கும். நின்றதும் விரிந்து எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக வெளியே தள்ளும். சூடான அறையில் விழும் அந்தச் சொட்டுகள் காற்றில்லாமல் கருகும். நாள் முழுக்க எத்தனை முறை பர்னர் நிற்கிறதோ அத்தனை முறையும் கொஞ்சம் கரி சேரும்.

நின்றதும் பம்பு எண்ணெயைச் சட்டென்று நிறுத்துகிறதா என்றும் சோதிக்கலாம். நாசில் போகும் வாயில் கேஜ் மாட்டி ஓட்டி நிறுத்துங்கள். அழுத்தம் சுமார் ஐந்தில் ஒரு பங்கு இறங்கி, 100 என்றால் 80 பக்கத்தில், அப்படியே நிற்க வேண்டும். தொடர்ந்து சுழிக்கு வழிந்தால் பம்பு வால்வு பழுது.

உறிஞ்சும் பக்கம் வெற்றிடம் ஒற்றைக் குழாய் அமைப்பில் 6 அங்குல பாதரசத்தைத் தாண்டினால் வழியில் அடைப்பு. கேஜில் எதுவும் காட்டாமல் எண்ணெயில் குமிழ் மட்டும் வந்துகொண்டே இருந்தால் ஏதோ ஒரு இணைப்பு காற்றை உறிஞ்சுகிறது. கம்ப்ரெஷன் ஃபிட்டிங் இருந்தால் அதைத்தான் முதலில் சந்தேகியுங்கள், எண்ணெய்க் குழாய்க்கு ஃபிளேர் ஃபிட்டிங்தான் போட வேண்டும்.

அறைக்குக் காற்று

ஒரு காலன் எண்ணெய் எரிய 1,400 கன அடிக்குக் குறையாமல் காற்று வேண்டும். அதற்கு மேல் டேம்பர் வழியாகவும் காற்று போகும். பாய்லரைச் சுற்றிப் பலகையடித்து அறையாக்கி, கதவைப் பூட்டி, சன்னல் இடுக்கையெல்லாம் ஃபோம் வைத்து அடைத்த வீட்டில் அந்தக் காற்று எங்கிருந்து வரும்? வீட்டின் உட்காற்றையே எடுப்பதானால் அறைக்கு மேலே ஒன்று கீழே ஒன்றாக இரண்டு திறப்பு வேண்டும், ஒவ்வொன்றும் மணிக்கு 1,000 பிடியு-வுக்கு (வெப்ப அலகு) ஒரு சதுர அங்குலம். 0.85 காலன் பர்னர் மணிக்கு ஏறக்குறைய 1,19,000 பிடியு எரிக்கிறது. ஆக ஒவ்வொரு திறப்பும் சுமார் 120 சதுர அங்குலம். கம்பிவலையும் கிரில்லும் மறைக்கும் இடத்தை இதில் கழித்துக்கொள்ளுங்கள்.

சோதிப்பது எளிது. சமையலறை எக்ஸாஸ்ட், குளியலறை விசிறி, துணி உலர்த்தி எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஓடவிட்டு, அடித்தளக் கதவைச் சாத்தி, சுடருக்கு மேலான இழுவையை அளங்கள். இப்போது ஒரு சன்னலைத் திறங்கள். எண் சட்டென்று மேம்பட்டால் கரிக்குக் காரணம் பாய்லரில் இல்லை, அறையில். நமது சமையலுக்கென்று பலமான ஹூட் போட்ட வீடுகளில் இதைக் கண்டிப்பாகப் பாருங்கள்.

காற்றை அமைத்தல்

எல்லாம் மாட்டி, பத்து நிமிடம் ஓட்டி, முதலில் டேம்பர் எடையைத் திருகி சுடருக்கு மேலான இழுவையை மைனஸ் 0.02க்குக் கொண்டுவாருங்கள். பிறகு காற்று ஷட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடி, ஸ்மோக் தாளில் லேசான சாயல் விழும் இடத்தைப் பிடியுங்கள். அங்கே கார்பன் டை ஆக்சைடை அளங்கள், 13 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். இப்போது காற்றைத் திறந்து அதை ஒன்றரை முதல் இரண்டு புள்ளி குறைத்து 11 முதல் 11.5க்குக் கொண்டுவாருங்கள். ஆக்சிஜன் 5 முதல் 6 சதவீதத்தில் நிற்கும். தாள் வெள்ளையாக வர வேண்டும், கார்பன் மோனாக்சைடு 50 பிபிஎம்முக்குள். இழுவையை மறுபடி பார்த்துவிட்டு ஸ்க்ரூவை இறுக்குங்கள்.

இந்த இரண்டு புள்ளி இடம் வீண் அல்ல. குளிர்ந்த நாளின் கெட்டியான எண்ணெய், விசிறியில் சேரப்போகும் தூசு, காற்றழுத்த மாறுதல் எல்லாவற்றுக்கும் அதுதான் ஒதுக்கீடு. திறன் எண்ணை ஒரு சதவீதம் கூட்டிக் காட்டுவதற்காகக் காற்றை விளிம்பில் நிறுத்திவிட்டுப் போகிறவர்களின் பாய்லர்தான் ஜனவரியில் கறுக்கிறது.

ஆக்சிஜன் குறைவு, தாளில் கறுப்பு என்றால் காற்று போதவில்லை, திறந்தால் சரியாகும். ஆக்சிஜன் 8, 9 என்று தாராளமாக இருந்தும் தாள் கறுத்தால் காற்று இருக்கிறது, எண்ணெயோடு கலக்கவில்லை. அப்போது ஷட்டரைத் தொடாதீர்கள். நாசில், அழுத்தம், தலையின் துளைகளில் கரி, அசெம்ப்ளியின் நிலை ஆகியவற்றைப் பாருங்கள். அல்லது கதவு, பகுதி இணைப்பு வழியே வெளிக்காற்று புகுந்து அளவைப் பொய்யாக்குகிறது. இந்த வேறுபாடு தெரியாமல் காற்றைத் திறந்துகொண்டே போனால் கரியும் போகாது, புகைபோக்கி வழியே வெப்பமும் போகும்.

மிச்சமிருக்கும் தொல்லைகள்

கிளம்பும்போது மட்டும் அதிர்வும் புகையும் என்றால் பற்றுவது தாமதம்: எலக்ட்ரோடு இடைவெளி, பீங்கான் விரிசல், பலமிழந்த டிரான்ஸ்ஃபார்மர், எண்ணெயில் காற்று. நிற்கும்போது மட்டும் புகை நாற்றம் என்றால் சொட்டும் நாசிலும் பம்பு வால்வும். கடுங்குளிரில் மட்டும் கரி, டேங்க் வெளியே இருக்கிறது என்றால் எண்ணெய் குளிர்ந்து கெட்டியாகித் துளிகள் பருக்கின்றன. நாசிலுக்குச் சூடேற்றியோ டேங்குக்கு உறையோ வேண்டும். அல்லது நாசிலை ஒரு படி குறைத்து அழுத்தத்தைக் கூட்டலாம், பாய்லரின் கையேடு அனுமதித்தால் மட்டும். குளிர்ந்த புகைபோக்கி வீட்டின் வெளிச்சுவரில் இருந்தால் பருவத்தின் முதல் சில நாட்கள் இழுவை மந்தமாக இருக்கும். அது நீடித்தால் உள்ளே எஃகு லைனர் (உட்குழாய்) போட வேண்டியிருக்கும்.

வேலை முடிந்ததும் தேதி, நாசில் எண், பம்பு அழுத்தம், இரண்டு இழுவை அளவுகள், ஸ்மோக், கார்பன் டை ஆக்சைடு, புகை வெப்பம் ஆகியவற்றை ஓர் அட்டையில் எழுதிப் பாய்லரின் பக்கத்தில் தொங்கவிடுங்கள். ஒரு வாரம் கழித்து ஸ்மோக் தாளை மட்டும் இன்னொரு முறை எடுத்துப் பாருங்கள். புகை வெப்பம் அட்டையில் உள்ளதைவிட 50, 60 டிகிரி ஃபாரன்ஹீட் ஏறியிருக்கும் நாளில், கரி வெளியே தெரியாவிட்டாலும், மேல்தகட்டைத் திறந்துவிடுங்கள்.